அம்மாவின் பணம் யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், முதியோர் இல்லத்தில் பெரியவர்களைச் சேர்க்கும் முன் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியோ வைத்தியத்தைப் பற்றியோ இல்லை, பணத்தைப் பற்றித்தான். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் பல தெருக்களில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள், பெரியவர்கள் இல்லத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து பென்ஷனும், குத்தகைப் பணமும், காதில் கிடக்கும் தோடும் இல்லத்துக்குப் போய்விடுகின்றன. அதற்கெல்லாம் யார் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. வங்கியில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. அம்மாவுக்கு 81 வயது. குடும்ப ஓய்வூதியம் வருகிறது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு தனியார் இல்லத்தில் இருக்கிறார். ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் அங்கே மேனேஜரிடம்தான். மாதக் கட்டணத்தை அவரே எடுத்துக்கொள்கிறார், நல்ல மனிதர்தான். அம்மாவுக்கு மறதி லேசாக ஆரம்பித்திருக்கிறது. இப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, பெங்களூரு

விடக்கூடாது. அவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. நாளைக்கு அந்த மேனேஜர் வேலையை விட்டுப் போய் இன்னொருவர் வந்தால் கார்டும் எண்ணும் அவர் கைக்குப் போகும், அப்போது என்ன செய்வீர்கள்? ரகசிய எண்ணை நாமே இன்னொருவருக்குச் சொல்லிவிட்டு அதனால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்படும் நஷ்டம் முழுவதும் கணக்கு வைத்திருப்பவருடையதுதான். ரிசர்வ் வங்கி 2017-லேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எண்ணைக் கேட்டு வாங்கி வைத்திருக்கும் மேனேஜர் மேல் வங்கி பழி போடாது, உங்கள் அம்மா மேல்தான் போடும்.

அப்படியானால் என்ன வழி? நிறைய பேர் உடனே அதிகாரப் பத்திரம் (பவர் பத்திரம்) எழுதி வாங்குகிறேன் என்று கிளம்புவார்கள். மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கை அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவர் இயக்க முடியாது, அம்மாவும் மகளும் சேர்ந்த கூட்டுக் கணக்காகவும் அதை மாற்ற முடியாது. ஆனால் மாதாமாதம் இவ்வளவு பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று என்று வங்கிக்கு நிலையான உத்தரவு கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. அம்மாவை ஒருநாள் வங்கிக்கு அழைத்துப் போங்கள், முடியாவிட்டால் வீட்டுவாசல் வங்கிச் சேவை கேளுங்கள், 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதைத் தரும்படி வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மாதாமாதம் ஒரு தேதியில் இல்லத்துக் கட்டணம் மட்டும் இல்லத்தின் வங்கிக் கணக்குக்குப் போகும்படி ஒரு உத்தரவு. கைச்செலவுக்கும் மருந்துக்கும் ஒரு சிறு தொகை, அம்மாவும் நீங்களும் சேர்ந்து தொடங்கும் வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி இன்னொரு உத்தரவு. மிச்சம் ஓய்வூதியக் கணக்கிலேயே இருக்கட்டும். பழைய கார்டை முடக்கிவிடுங்கள். குறுஞ்செய்தி எந்த நம்பருக்குப் போகிறது என்று கட்டாயம் பாருங்கள், பல பெரியவர்களின் கணக்கில் இல்லத்து ஆபீஸ் நம்பரோ, எப்போதோ வேலையை விட்டுப் போன ஆயாவின் நம்பரோ இருக்கிறது. ஓடிபி எங்கே போகிறதோ அங்கேதான் கணக்கின் சாவி இருக்கிறது.

இதையெல்லாம் அம்மாவுக்கு மறதி முற்றுவதற்குள் செய்தாக வேண்டும், அவர் சம்மதத்தோடு, அவர் எதிரில். புத்தி தெளிவாக இருக்கும்போது எழுதிய சாதாரண அதிகாரப் பத்திரம்கூட, எழுதியவர் சித்த சுவாதீனம் இழந்தால் சட்டப்படி செல்லாமல் போய்விடும், அதற்கப்புறம் நீதிமன்றத்துக்குத்தான் அலைய வேண்டும். கை நடுங்கி கையெழுத்து மாறிப்போனால் அதற்காகப் பயப்பட வேண்டாம். கைப்பெருவிரல் ரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ போதும், இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். பெரியவர் வங்கிக்கு வர முடியாத நிலையில் இருந்தாலும் இந்த முறை உண்டு. கவுண்டரில் இருக்கும் சின்னப் பையனுக்கு இது தெரியாமல் இருக்கலாம், மேலாளரிடம் கேளுங்கள்.

உயிர்வாழ்வுச் சான்று நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 வயதைத் தாண்டியவர் என்பதால் உங்கள் அம்மாவுக்கு அக்டோபரிலேயே கொடுக்கலாம். தபால்காரரே இல்லத்துக்கு வந்து கைரேகை வாங்கி டிஜிட்டல் சான்று போட்டுக் கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். இதற்காக எந்த மேனேஜரிடமும் கார்டையோ பாஸ்புக்கையோ கொடுக்க வேண்டியதில்லை.

முதியோர் இல்லங்களை அரசு ஆய்வு செய்கிறதா? அப்பாவைச் சேர்க்க நினைக்கும் இல்லத்தில் பதிவுச் சான்று கேட்டேன். 'எல்லாம் இருக்கு சார்' என்றார்கள், காட்டவில்லை.
– வாசகர், மயிலாடுதுறை

காட்டாவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொண்டு அடுத்த இல்லத்தைப் பாருங்கள். பதிவுச் சான்று மாட்டிவைக்க வேண்டிய பொருள், பூட்டிவைக்க வேண்டியது இல்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது, தமிழ்நாட்டு விதிகள் 2009-ல். இல்லங்களைப் பதிவு செய்வதும் போய்ப் பார்ப்பதும் மாவட்ட சமூக நல அலுவலகத்தின் வேலை. உங்கள் ஊர் 2020 டிசம்பரிலேயே தனி மாவட்டம் ஆகிவிட்டதால் நாகப்பட்டினத்துக்குப் போக வேண்டாம், உள்ளூரிலேயே விசாரிக்கலாம். நேரில் சொல்ல மாட்டேன் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இந்த இல்லம் பதிவு செய்யப்பட்டதா, கடைசியாக எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, அந்த ஆய்வறிக்கையின் நகல் வேண்டும் என்று மூன்றே வரி எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இல்லம் தனியாருடையது என்றாலும் அறிக்கை அரசு அலுவலகத்தில் இருக்கும் காகிதம்தானே, அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆய்வு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பார்த்த வரையில் ஆய்வுக்கு வருகிறவர்கள் சமையலறையைப் பார்க்கிறார்கள், கழிப்பறையைப் பார்க்கிறார்கள், கட்டில்களை எண்ணுகிறார்கள், தீயணைப்பு சிலிண்டரில் தேதி பார்க்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் 'இங்கே இருக்கிறவர்களின் பணம் எங்கே, கணக்கு நோட்டைக் கொண்டு வா' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கிழவியின் பென்ஷன் மாதாமாதம் எங்கே போகிறது என்று தெரியாமல் அவள் நன்றாகப் பராமரிக்கப்படுகிறாள் என்று எப்படி எழுதுவது? கட்டில் சுத்தமாக இருந்தால் போதுமா? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில், 'ஆய்வின்போது இல்லவாசிகளின் பணக் கணக்கையும் பார்க்க வேண்டும்' என்று மனு கொடுங்கள். குடும்பத்தார் நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

அப்பாவுக்கு மன்னார்குடி பக்கம் நிலம் இருக்கிறது. குத்தகைக்காரர் சம்பா அறுப்பு முடிந்ததும் குத்தகைப் பணத்தை நேராக இல்லத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார். இல்லத்தில் 'வரவு வைத்துவிட்டோம்' என்கிறார்கள். அப்பாவுக்குத் தொகை எவ்வளவு என்றே தெரியவில்லை.
– வாசகர், திருச்சி

இது நம்ம பக்கத்துக்கே உரிய சிக்கல். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் பணம் சாகுபடி செய்தவர் கணக்கில்தான் ஏறும், குத்தகை பாக்கியை அவர் ரொக்கமாகக் கொண்டுவருவார். மூட்டைக் கணக்கில் பேசிய குத்தகையைப் பணமாக மாற்றும்போதே விலையில் ஒரு தடவை குழப்பம் வரும். அந்தப் பணம் இல்லத்து மேசையில் வைக்கப்பட்டால் இரண்டாவது குழப்பம். கொடுத்தவரிடமும் ரசீது இல்லை, வாங்கியவரிடமும் ரசீது இல்லை.

குத்தகைக்காரர் மேல் கோபப்படாதீர்கள், அவர் நெருக்கமாக நினைத்துத்தான் இல்லம் வரை வருகிறார். அவரிடம் அப்பாவின் கணக்கு எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, இனிமேல் வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ அப்பா பெயரில் கட்டிவிட்டு சலானை மட்டும் அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள். காட்டட்டும், பேசட்டும், காவிரித் தண்ணீர் எப்போது வந்தது, எந்த ரகம் போட்டோம் என்று சொல்லட்டும், அப்பாவுக்கு அது சோறு மாதிரி. பணம் மட்டும் கையில் வேண்டாம். இதுவரை கொடுத்ததற்கு, ஒவ்வொரு வருஷமும் எத்தனை மூட்டை, என்ன விலை, எவ்வளவு கொடுத்தேன் என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். அதன் நகலோடு இல்லத்துக்குப் பதிவுத் தபாலில் கணக்கு கேட்டு ஒரு கடிதம். ஒப்படைத்த பணத்தைத் தன் காரியத்துக்கு எடுத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவு. முதல் கடிதத்திலேயே இதை எழுத வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதத்தில் எழுதுங்கள்.

அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் அக்கா, அங்கே முதியோர் மருத்துவ இல்லங்களில் இவர்களுடைய கைப்பணத்துக்கே தனிச் சட்டம் என்கிறாள். உண்மையா? இங்கே ஏன் இல்லை?
– வாசகி, வேளாங்கண்ணி

உண்மைதான். அங்கே 1987-ல் ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்தது. மெடிக்கேர் (முக்கியமாக முதியோருக்கு), மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கு) என்ற அரசு மருத்துவத் திட்டங்களின் பணத்தைப் பெறும் மருத்துவ இல்லங்கள் எல்லாம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆய்வாளர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் வருவார்கள், ஒரு ஆய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. வரும் தேதியை முன்னாலேயே கசியவிட்டவருக்கு அபராதம் உண்டு. ஆய்வறிக்கையை இல்லத்திலேயே எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். உன் பணத்தை எங்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லம் கட்டாயப்படுத்தக்கூடாது. இல்லவாசி எழுதிக் கொடுத்தால்தான் வாங்கவே முடியும். வாங்கினால் 100 டாலருக்கு மேற்பட்டதை, மெடிக்கெய்டு உதவியில் இருப்பவர் என்றால் 50 டாலருக்கு மேற்பட்டதை, இல்லத்தின் கணக்கோடு கலக்காமல் வட்டி வரும் தனிக் கணக்கில் போட வேண்டும், வட்டியும் அவருக்கே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு விவரம் எழுத்தில் தர வேண்டும். இல்லம் பணத்தைத் தின்றுவிட்டால் ஈடுகட்ட முன்கூட்டியே ஜாமீன் பத்திரம் இருக்க வேண்டும். இல்லவாசி இறந்தால் மிச்சப் பணத்தையும் கணக்கையும் 30 நாளுக்குள் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். மெடிக்கெய்டில் இருப்பவரின் வருமானம் முழுவதும் இல்லத்துச் செலவுக்குப் போனாலும், அவர் கைச்செலவுக்கென்று மாதம் 30 டாலராவது ஒதுக்கியாக வேண்டும் என்பது மத்திய அரசின் குறைந்தபட்ச அளவு, பல மாநிலங்கள் கூட்டித் தருகின்றன.

நம்முடைய 2007 சட்டத்தில் இல்லவாசிகளின் கைப்பணத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்குவதைத்தான் அது விரிவாகப் பேசுகிறது, இல்லங்களின் தரத்தை மாநில அரசு வகுக்கலாம் என்று விட்டுவிட்டது. அந்த இடத்தில் நாம் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பணச் செலவே இல்லாத காரியம், ஒரு அரசாணை போதும். தனிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் விவரம், இறந்தால் 30 நாள். இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே நம் ஊர் இல்லங்களில் பாதிச் சண்டை நின்றுவிடும்.

எனக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது. வங்கிக்காரப் பிள்ளை மெஷின் கொண்டுவந்து கைரேகை வாங்குகிறான். பணத்தை வார்டன் வாங்கிக்கொள்கிறார். வெற்றிலை பாக்குக்குக்கூட அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் 'சும்மாதானே சோறு போடறோம்' என்கிறார். (பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்தது.)
– ஒரு அம்மா, திருவாரூர் மாவட்டம்

அம்மா, அந்தப் பணம் உங்களுடையது. 2023 ஆகஸ்ட்டில் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறாக உயர்த்தினார்கள், உங்களுக்காகத்தான் உயர்த்தினார்கள், இல்லத்துக்காக இல்லை. சோறு போடுவது பெரிய தர்மம், நான் மறுக்கவில்லை, ஆனால் தர்மம் செய்கிறவர் அதற்கு ஈடாக உங்கள் கைக்காசைப் பிடுங்கினால் அதற்குப் பெயர் வேறு. கொஞ்சம் கொடுக்க உங்களுக்கே மனம் இருந்தால் கொடுங்கள், அது நீங்களாகக் கொடுப்பதாக இருக்கட்டும்.

அடுத்த தடவை அந்தப் பிள்ளை வரும்போது ரேகை வைத்ததும் மெஷினிலிருந்து வரும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பணத்தை உங்கள் கையில் எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள், ரேகை வைத்தவர் கையில்தான் அவன் கொடுக்க வேண்டும். நாற்று நட்டு நட்டு ரேகை தேய்ந்து மெஷின் எடுக்கவில்லை என்றால் வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் ஆகாவிட்டால் பாஸ்புக்கோடு வங்கிக்கே போய் எடுக்கலாம். வார்டன் தகராறு செய்தால் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணை 14567-க்கு போன் போடச் சொல்லுங்கள். முதியோர் உதவி எண், கட்டணம் இல்லை, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். உங்கள் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடட்டும், நாளைக்கும் நீங்கள் அங்கேதான் சாப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100.

என் பெரியம்மாவிடம் முதியோர் இல்லத்தார் 'கடைசி வரை பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லி வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். எழுதலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. வயதானவர் தலைக்கு மேல் இருக்கும் கூரையை, அவர் உயிரோடு இருக்கும்போது யார் பெயருக்கும் மாற்றக்கூடாது. பிடிவாதமாக எழுதுகிறார் என்றால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே வார்த்தையாக இருக்கட்டும். பராமரிக்கத் தவறினால் மேலே சொன்ன 2007 சட்டத்தின் 23-வது பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ரத்து கேட்கலாம். உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. 87 வயது அம்மா ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்த சொத்தை, மகன் இறந்து மருமகள் கவனிக்காமல் விட்டபோது நாகப்பட்டினம் கோட்டாட்சியர் ரத்து செய்தார், சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும், அன்பின் பேரில் கொடுத்தது என்பதிலேயே அது அடங்கியிருக்கிறது என்றது நீதிமன்றம். மகனுக்குக் கொடுத்ததற்குச் சொன்ன அந்த வாதம் இல்லத்துக்கு எழுதிக் கொடுத்ததற்கு அப்படியே செல்லும் என்று நம்பிவிட வேண்டாம். அதனால்தான் நிபந்தனையை எழுதச் சொல்கிறேன்.

அப்பா இல்லத்திலேயே இறந்துவிட்டார். முன்பணம் திரும்ப வராது என்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

சேர்க்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். திரும்பத் தரப்படும் என்று இருந்தால், அல்லது அது பற்றி ஒன்றுமே இல்லை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். காசு கொடுத்து இருந்தவர் நுகர்வோர்தான். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அப்பா இறந்ததை வங்கிக்கு உடனே தெரிவித்துவிடுங்கள், இறந்தவர் கார்டில் ஈமச்சடங்குக்கு என்று எடுத்தாலும் தப்புதான், இறந்த பிறகு ஏறிய பென்ஷனைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

நான் பாபநாசம் பக்கத்தில் ஒரு சின்ன இல்லம் நடத்துகிறேன். பணத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று குடும்பத்தாரே திணிக்கிறார்கள். நாளைக்குத் திருட்டுப் பட்டம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கணக்கு வைப்பது?
– இல்ல நிர்வாகி

உங்கள் கடிதம்தான் எனக்கு ரொம்ப நிறைவாக இருந்தது. பயம் நியாயமானது, அதைப் போக்க ஒரு நீள நோட்டு போதும்.

ஆளுக்கு ஒரு பக்கம் இல்லை, ஆளுக்கு ஒரு நோட்டு. எல்லோரையும் ஒரே நோட்டில் எழுதினால் ஒருவர் கணக்கை இன்னொருவர் மகன் பார்ப்பார். தேதி, யார் கொடுத்தது, எதற்காக எடுத்தது, தொகை, மீதி, கையெழுத்து அல்லது ரேகை. 'இதர செலவு' என்று எழுதாதீர்கள், 'தலைவலித் தைலம் 45' என்று எழுதுங்கள். மருந்துக்கடை பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ரேகை வைத்தால் பக்கத்தில் சாட்சி வேண்டும், பணத்தைக் கையாளுகிற ஊழியர் சாட்சியாக இருக்கக்கூடாது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இருக்கலாம். அடித்துத் திருத்தினால் திருத்திய இடத்திலும் கையெழுத்து. கைச்செலவுக்கு இவ்வளவுக்கு மேல் ரொக்கமாக வாங்க மாட்டோம் என்று ஒரு வரம்பு வைத்து எழுதி மாட்டிவிடுங்கள், மிஞ்சினால் அவரவர் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். இல்லத்துக் கணக்கில் ஒருநாள்கூட வைக்காதீர்கள், அரிசிக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் கை அங்கேதான் போகும். கார்டு, ரகசிய எண், காசோலைப் புத்தகம் எதையும் வாங்கவே வேண்டாம்.

நகைக்கு வேறு நோட்டு. 'தோடு ஒரு ஜோடி' என்று எழுதினால் போதாது, 'ஏழு கல் வெள்ளைக்கல் தோடு, இடது தோட்டில் ஒரு கல் இல்லை' என்று எழுதி, மகளை வைத்துக்கொண்டே போட்டோ எடுத்து, மூவரும் கையெழுத்துப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டின் பக்கங்களை வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கு அனுப்புங்கள், பெரியவருக்கு முதலில் படித்துக் காட்டிவிட்டு.

சமூக நலத்துறையிலிருந்து ஆய்வுக்கு வரும்போது சமையலறைக்கு அழைத்துப் போவதற்கு முன்னால் இந்த நோட்டுகளை மேசையில் எடுத்து வையுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் வையுங்கள். இரண்டு மூன்று நோட்டை அவர்களையே எடுத்துப் பார்க்கச் சொல்லி, தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால், 'பணக் கணக்கு பார்வைக்கு வைக்கப்பட்டது' என்று வருகைப் பதிவேட்டில் ஒரு வரியாவது எழுதச் சொல்லிக் கேளுங்கள்.